சன்ஸ்கிரீனும் விபூதி டப்பாவும்

எங்க வீட்டுக்காரர் கொட்டிவாக்கத்துல கட்டட சூப்பர்வைசர். நாள் முழுக்க வெயில்லதான் நிக்கிறார். சன்ஸ்கிரீன் வாங்கி வெச்சுட்டு நானும் கெஞ்சிக்கிட்டே இருக்கேன். "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்"னு ஒரே பதில்.

நேத்து சாயங்காலம் கண்ணாடி முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினேன். மூஞ்சியே கருகிப் போயிருக்கு. நெத்தியில தினமும் விபூதிப் பட்டை போடற இடம் மட்டும் கல்யாண ஆல்பத்துல இருக்கற நிறம்.

"பாருங்க, மேல ஒண்ணு பூசியிருந்தா வெயில் ஏறாது. அவ்ளோதான் விஷயம். புரியுதா?"

"நல்லா புரியுது"ன்னார். ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

இன்னைக்குக் காலையில நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள கிளம்பிட்டார். சன்ஸ்கிரீன் சீல்கூடப் பிரிக்கல. விபூதி டப்பா பாதி காலி.

பதறிப்போய் போன் பண்ணேன்.

"மூஞ்சி பூரா பூசிக்கிட்டேன். மந்தைவெளியில பஸ் ஏறினா நிக்கக்கூட இடமில்ல. ஒருத்தர் எழுந்து, 'சாமி, நீ குந்து'ன்னு சீட்டு குடுத்தார். உன் க்ரீம் போட்டா சீட்டு கிடைக்குமா?"

இதுக்கு என்ன பதில்னு தெரிஞ்சவங்க சீக்கிரம் கமெண்ட்ல சொல்லுங்க. நாளைக்கு நானும் அதே பஸ்லதான் போகணும். மீதி டப்பாவை எனக்குன்னு இப்பவே ஒளிச்சு வெச்சுட்டேன்.