கரி பூசிப் பிட்டரான கதை

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வீதியில் ஓர் இரும்புப் பட்டறை இருந்தது. கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரங்களை அங்கே செய்தார்கள், பழுதும் பார்த்தார்கள். அறுவடை நெருங்கினால் ஹந்தானையிலிருந்தும் கம்பளைப் பக்கத்திலிருந்தும் மாட்டு வண்டிகள் வந்து வாசலில் வரிசை கட்டும். நான் அங்கே சாமான் அறையில் எழுத்து வேலை பார்த்தேன். துரைமார் பேசுவதை ஆட்களுக்கும், ஆட்கள் பேசுவதைத் துரைமாருக்கும் மாற்றிச் சொல்வதும் என் பொறுப்பு. என் அண்ணன் உள்ளே இயந்திரம் பூட்டிக்கொண்டிருந்தான்.

அவன் வந்தது இரும்பு சுமக்க, கூலி ஆட்களைக் கூட்டி வரும் ஒரு கங்காணியின் கூட்டத்தில் ஓர் ஆளாக. இயந்திரம் பூட்டுகிறவரைப் பிட்டர் என்பார்கள்; வெள்ளைக்காரத் தலைமைப் பிட்டருக்கு விளக்குப் பிடித்தான். அவர் கேட்ட மரை திருகும் சாவியை எடுத்துக் கொடுத்தான். அவர் காய்ச்சலில் படுத்த ஒரு பருவத்தில் சாவி அவன் கையிலேயே தங்கிவிட்டது. விதை வெட்டுப்படாமல் தோல் மட்டும் உரியும்படி செப்புத் தகட்டுக்கு இடைவெளி வைப்பதுதான் அந்த வேலையில் கடினமான இடம். அதை அவன் கற்றுக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. சம்பளம் பழையபடி கங்காணி கை வழியாகவே வந்தது. முழுநாள் உழைத்தால் ஒரு பேர்க் கூலி, பாதி நாள் என்றால் அரைப்பேர். சுமை தூக்குகிறவனுக்கும் அதே கணக்குதான்.

அண்ணியும் மகளும் புதுக்கோட்டைப் பக்கத்தில் அண்ணியின் அப்பா வீட்டில் இருந்தார்கள். கூலிக்காரர்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் லயத்துக்குத் தன் மகளை அனுப்ப முடியாது, பிட்டர் என்று ஆன பிறகு வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். பட்டறைப் பிட்டர்களுக்குத் தனி அறை உண்டு. அந்த அறைக்காகத்தான் அண்ணன் காத்திருந்தான்.

அந்த நாட்களில் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு இளைஞன் வந்து சேர்ந்தான். ஊரில் தொழில் பழகும் அப்பிரண்டிஸாக இருந்தவன், மிச்சக் காலத்தைக் கண்டியில் முடிக்க வந்திருந்தான். நல்ல வேலைக்காரன்; அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சாமான் அறைக்கு வரும்போதெல்லாம் தன் ஊர் வழக்கத்தைச் சொல்வான். அங்கே அப்பன் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைத் தொழிலில் கட்டிவிடுவான். முதல் வருஷம் தரை கூட்டுவதும் தேநீர் வைப்பதும்தான். கிடைக்கும் காசு ரொட்டிக்கும் காணாது. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் ஏறும். காலம் முடிந்த அன்று அவன் முழு ஆள். எந்த ஊர்ப் பட்டறைக்குப் போனாலும் முழுக் கூலி. அவனே இன்னொன்றும் சொன்னான்: ஊரில் கிடைக்கப்போவதைப்போல இரண்டு பங்கு இங்கே கிடைக்குமாம், கடல் தாண்டி வந்ததற்காக.

எங்கள் ஊரில் கொல்லன் மகன் அப்பனிடம் காசில்லாமல் கற்கிறான். ஆனால் கற்று முடித்தால் களத்தில் அவனுக்கென்று நெல் அளப்பார்கள். ஒரு ஊரில் கையெழுத்து, இன்னொரு ஊரில் நெல். கண்டியில் எங்களுக்கு இரண்டும் இல்லை. நாங்களும் கடல் தாண்டித்தான் வந்திருந்தோம்.

அந்த இளைஞனுக்குக் காலம் முடிந்தது ஒரு சனிக்கிழமை. வெள்ளைக்காரர்கள் திடீரென்று அவனைப் பிடித்து, எண்ணெயில் குழைத்த கரியை முகம் முழுக்கப் பூசி, தள்ளுவண்டியில் உட்காரவைத்து, தகரத்தில் சுத்தியலால் அடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தார்கள். எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து நின்றார்கள்.

"என்னத்தக் களவாண்டான், பாவம்?" என்று சம்மட்டிக்காரர் ஒருவர் என்னைக் கேட்டார்.

களவு இல்லை, அவர்கள் ஊரில் தொழிலாளியாக ஏற்றுக்கொள்கிற சடங்கு அது என்று விசாரித்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அடுத்த மாதம் அந்த இளைஞன் முழுப் பிட்டர் சம்பளம் வாங்கினான். அதன் பிறகு நம்பினார்.

அண்ணன் அதை வேறுவிதமாக நம்பினான். ஒருநாள் வேலை முடிந்து, நாங்கள் தங்கியிருந்த கட்டுக்கலைக்கு நடந்து வரும்போது, "அப்ப எனக்கும் பூசச் சொல்லு" என்றான்.

கேலி என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

"சம்பளத்தக் கேட்டா கங்காணியக் கேளுங்கிறாங்க. கரியக் கேட்டா கங்காணியக் கேளுன்னு சொல்ல முடியாதுல்ல?"

தலைமைப் பிட்டரிடம் அவனே கேட்டான். நான் மாற்றிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது ஏளனச் சிரிப்பு இல்லை. இவன் இதற்குத் தகுந்தவன்தான் என்று மற்றவர்களிடம் சொன்னார். அந்தச் சனிக்கிழமையே கரி குழைத்தார்கள். அந்த ஸ்காட்லாந்து இளைஞன்தான் வண்டியைத் தள்ளினான். மாப்பிள்ளை ஊர்வலத்தில் உட்காருவதுபோல அண்ணன் கைகளை முழங்காலில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

கழுவிவிட்டு வா என்றேன்.

"இருக்கட்டும். நாலு பேரு பார்க்கட்டும்."

கரி முகத்தோடு கடை வீதி வழியாக நடந்தான். கட்டுக்கலைக் கோயிலருகே, கூலி முடிந்து ஊர் திரும்பும் கூட்டம் ஒன்று சோறாக்கிக்கொண்டிருந்தது. அதில் எங்கள் பக்கத்து ஊர் ஆட்களும் இருந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள்.

சம்பள நாளில் கங்காணி அதே கூலியைக் கொடுத்தான். அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு பட்டறைத் துரையின் அறைக்குப் போனான். தலைமைப் பிட்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நல்ல வேலைக்காரன் என்று அவர் சொன்னார். கரி பூசியது ஒரு சனிக்கிழமை விளையாட்டு என்றும் சொன்னார். துரை கோபப்படவில்லை. பயிற்சிக் காலம் என்பது அப்பன் கையெழுத்துப் போட்டுக் கட்டிய நாளிலிருந்து எண்ணுவது, இவனை யார் கட்டினார்கள் என்று கேட்டார்.

அதை மாற்றிச் சொன்னதும் அண்ணன் துரையைப் பார்த்தே பதில் சொன்னான்.

"யாரும் கட்டல தொரை. கட்டாமலே கெடந்தேன்."

அதையும் மாற்றிச் சொன்னேன். துரை அடுத்த ஆளை வரச் சொன்னார்.

பின்னாளில் பத்திரிகை வேலைக்குப் போனபோது, எந்த நாட்டுத் தொழிலாளிக்கு என்ன பயிற்சி, என்ன கூலி என்று ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகள் பலவற்றை அச்சுக்குத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். இலங்கை என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்ததெல்லாம் கப்பலில் வந்த வெள்ளைக்காரப் பிட்டர்களைப் பற்றித்தான்.

அடுத்த பருவத்துக்குக் கடற்கரையிலிருந்து மாத்தளை வழியாக நடந்து வந்த கூட்டத்தில், அண்ணிக்குச் சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான். கெலிஓயாவில் ஒரு தோட்டத்துக்குப் போகும் வழியில் செய்தி சொல்லிவிட்டுப் போக வந்தான். எங்கள் பக்கத்தில் களவு செய்து பிடிபட்டவனைத்தான் கரி பூசி வண்டியில் ஏற்றிச் சுற்றுவார்கள். ஊர் திரும்பியவர்கள் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்கள். மகளை இனி அனுப்புவதாக இல்லை என்று அண்ணியின் அப்பா முடிவு செய்துவிட்டாராம்.

"அது மரியாதைக்குப் பூசினது மாப்ளே" என்றான் அண்ணன். பட்டறை, ஸ்காட்லாந்து, அப்பிரண்டிஸ் எல்லாவற்றையும் விளக்கினான். வந்தவன் பொறுமையாகக் கேட்டான். கெட்ட எண்ணம் இல்லாதவன். ஊரில் போய் எடுத்துச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்றுதான் பார்த்தான்.

"சரி மச்சான். மரியாதைக்குன்னே வச்சிக்கிருவோம். கூலி எவ்வளவு ஏறுச்சு?"

அண்ணன் எழுந்து போய் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான். செம்பை வாங்கிக் குடித்தவன் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. அண்ணி கண்டிக்கு வரவேயில்லை.