சாப்பாட்டு நேரத்தில் திரை கிடையாது

பெயர்: ஷாயிஸ்தா. பிறந்தது 1988 ஆகஸ்ட் 21, அஸ்தினாபுரத்தில். படிப்பு பி.காம். 2009 முதல் 2016 வரை குரோம்பேட்டையில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டர். 2019 ஜூன் 10, திங்கட்கிழமை, சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். பெருந்தொற்றுக் காலத்தில் அது பதினெட்டு மாதம் மூடிக் கிடந்தது. 2024 ஜூலை முதல் தேதி வருகைப் பதிவேட்டில் இருந்த குழந்தைகள் பதினொன்று. கடைக்குட்டிக்கு ஒன்றேகால் வயது, மூத்தவளுக்கு மூன்றரை.

பதிவேட்டைத் தவிர இன்னொரு நோட்டும் அவரிடம் உண்டு. குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று அவர் பார்த்துத் தீர்த்த வீடியோக்களின் கணக்கு அது. பார்த்தவை நானூற்றுப் பன்னிரண்டு. தேறியவை ஐம்பத்தேழு.

இவ்வளவு கறாரை அவருக்குக் கற்றுக் கொடுத்தது எந்தக் குழந்தை வளர்ப்புப் புத்தகமும் இல்லை, கல்யாண வீடியோதான். தாலி கட்டும் காட்சியைத் தவிர வேறெதையும் மூன்று வினாடிக்கு மேல் நிறுத்தக் கூடாது என்பது ஸ்டுடியோ முதலாளி டெனிஸ் போட்ட சட்டம். "ஆளு வாட்ச்சைப் பாக்கறதுக்குள்ள படத்தை மாத்திடும்மா. பந்தியில எவன் எவ்ளோ சாப்ட்டான்னு யாருக்கு வேணும்? கண்ணு நகரக் கூடாது, அவ்ளோதான்" என்பார். ஏழு வருடம் அந்தச் சட்டப்படி கத்தரித்த கை, மழலைப் பாட்டு வீடியோ ஒன்றை முதன்முதலில் பார்த்தபோது தன் வேலையையே அடையாளம் கண்டுகொண்டது. கல்யாண வீட்டாருக்கு விரித்த அதே வலைதான். விழப்போவது மட்டும் இரண்டு வயதுப் பிள்ளை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு முறை. தொழுகைக்குப் பின் திக்ரு என்னும் இறைநாமத்தை எண்ணுவதற்காக வாங்கிய குட்டிக் கவுண்டரை விரலில் மாட்டிக்கொள்வார். படம் மாறும்போதெல்லாம் ஓர் அழுத்து. நிமிடத்துக்கு எட்டைத் தாண்டினால் நோட்டில் சிவப்புக் கோடு. தப்பித்ததை இரண்டாம் முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்பார். மூன்றாம் முறை குழந்தைகளோடு உட்காருவார். அப்போது அவர் பார்ப்பது திரையை அல்ல, முகங்களை. நோட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'பார்த்த பிறகு என்ன செய்தார்கள்'. 'இன்னொரு தடவை' என்று கேட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்றால் மறுநாள் அது கிடையாது.

தேறியவற்றில் ஒன்று அவரே எடுத்தது. தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் வருகிறது, நிற்கிறது, போகிறது. மூன்று நிமிடம் பத்து வினாடி. ஒரு வெட்டுகூட இல்லை. அதைப் பார்த்த அன்று பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றினார்கள். சமையலறை வாசலில் ரயில் நின்றது. ஆயா கிளியம்மாளும் ஏற வேண்டியதாயிற்று. காலை பத்தரைக்கு இருபது நிமிடம், அதோடு திரை அணைந்துவிடும். இது ஐந்து வருட வழக்கம்.

அந்த ஜூலை முதல் தேதி ஹர்ஷா நாற்பத்து மூன்று அங்குல டி.வி.யோடு வந்து இறங்கினார். கேளம்பாக்கம் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மகன் ருத்விக்குக்கு இரண்டு வயது நான்கு மாதம்.

"சென்டருக்கு எங்க கிஃப்ட், மேடம். லஞ்ச் டைம்ல ரைம்ஸ் போட்டு விடுங்க. வீட்ல அப்படித்தான் சாப்பிடறான். பாக்ஸும் காலி, ஏபிசியும் வந்துடும்."

"சாப்பிடறப்போ வேணாம் சார்."

"நீங்க காட்டற ட்ரெயின் வந்து நின்னுட்டுப் போகுது. அதுல என்ன மேடம் எஜுகேஷன்?"

"வர்ற வரைக்கும் காத்திருக்கணும்ல சார்."

ஹர்ஷா சிரித்தார். "ஒரே ஒரு வாரம் ட்ரை பண்ணுங்க. சரிப்படலைன்னா நானே கழட்டிட்டுப் போறேன்."

கிளியம்மாளுக்கு அப்போது முட்டிவலி. பதினொரு வாய்க்கு ஊட்டி எழுந்திருக்க ஒரு மணி நேரம் பிடித்தது. ஷாயிஸ்தா இறங்கி வந்தார். ரைம்ஸை எண்ணிப் பார்த்தார்: நிமிடத்துக்கு இருபத்தாறு. சிவப்புக் கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் தன் கையாலேயே எழுதினார்: 'அனுமதி, ஒரு வாரம்.'

முதல் நாள் பதினான்கு நிமிடத்தில் பந்தி முடிந்தது. சிந்தல் இல்லை, துப்பல் இல்லை, அழுகை இல்லை. "இத்தினி நாளா நாம இன்னாத்துக்கு டீச்சரம்மா கஷ்டப்பட்டுகினு இருந்தோம்? பொட்டியே ஊட்டிடுது!" என்றார் கிளியம்மாள். காலி டப்பாக்களின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் இதயங்கள் வந்து குவிந்தன.

ஜூலை 9, செவ்வாய், அனுமதியின் கடைசி நாள். டப்பாக்களைக் கழுவப் போன இடத்தில் கிளியம்மாள் நின்றுவிட்டார். ஒரே மாதிரிப் பச்சை டப்பா இரண்டு. ஒன்று அய்மானுடையது, மற்றது ருத்விக்குடையது. ருத்விக் முன்னாலிருந்து எடுத்து வந்ததன் அடியில் அய்மான் பெயர் ஒட்டியிருந்தது. அய்மானின் கத்தரிக்காய் சாதத்தை ருத்விக் தின்று முடித்திருந்தான். ருத்விக்கின் ரசம் சாதம் அய்மான் வயிற்றில். கத்தரிக்காய் வாசனை வந்தாலே வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை ருத்விக். மாற்றி ஊட்டியது ஷாயிஸ்தா. ஊட்டியவரும் கவனிக்கவில்லை, தின்றவர்களும் கவனிக்கவில்லை.

உடனே ஹர்ஷாவுக்குப் போன் செய்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"கத்தரிக்காயா? முழுசாவா? சூப்பர் மேடம்! மிருதுளா நம்பவே மாட்டா."

"அவன் கத்தரிக்காய் சாப்பிடல சார். வாயைத் திறந்தான். மண்ணை வெச்சிருந்தாலும் திறந்திருப்பான். நானும் அந்தப் பொட்டியைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். நாளையிலேருந்து மதியம் டி.வி. கிடையாது."

வாட்ஸ்அப் குழு கொதித்தது. சனிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம் என்று முடிவாயிற்று. திரை இல்லையென்றால் பிள்ளையை நிறுத்திவிடுவோம் என்று இரண்டு பேர் முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை, ஏ.சி. மெக்கானிக்கான கணவர் வாஜித், தேநீரை ஆற்றிக்கொண்டே கணக்குப் போட்டார்.

"எட்டுப் பிள்ளைக்குக் கீழ போச்சுன்னா வாடகை, ஆயா சம்பளம் எதுவும் தாங்காது ஷாயிஸ்தா. ஒரு அரை மணி நேரம்தானே?"

"தட்டுல என்ன இருக்குன்னு தெரியாம ஒரு பிள்ளை சாப்பிட்டு எழுந்துச்சுன்னா, நான் இங்க என்னத்துக்கு? பொட்டி மட்டும் போதும்ல?"

"அப்போ டி.வி.யைத் திருப்பிக் குடுக்கப் போறியா?"

"ஏன், உங்களுக்கு மேட்ச் பாக்கணுமா?"

"பெரிய டி.வி. அது" என்றார் வாஜித் பரிதாபமாக. பிறகு, அவரே ஏணியை எடுத்து வந்து டி.வி.யைச் சுவரிலிருந்து கழற்றினார்.

சனிக்கிழமை ஒன்பது குடும்பங்கள் வந்தன. கழற்றிய டி.வி. அட்டைப் பெட்டிக்குள் வாசலருகே நின்றதால், எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது. ஹர்ஷா எழுந்தார். "மேடம், எங்களுக்கு வேணுங்கறது சிம்பிள். குழந்தை அழாம, வயிறு நிறைய சாப்பிடணும். மெஜாரிட்டி என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க."

"எத்தனை கை வேணும்னாலும் தூக்குங்க சார், எண்ணி நோட்டுல எழுதிக்கறேன். ஆனா டி.வி. ஓடாது." ஷாயிஸ்தா வலது கையை நீட்டிக் காட்டினார். "ஏழு வருஷம் கல்யாண வீடியோ வெட்டின கை இது. கண்ணு நகராம கட்டிப் போடறது எப்படின்னு உங்க எல்லாரையும் விட எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் செய்ய மாட்டேங்கறேன்."

"அப்போ ஸ்க்ரீனே தப்பா?" என்றார் பின்னாலிருந்த ஒரு தகப்பன்.

"யார் சொன்னா? பத்தரைக்கு வந்து பாருங்க. யானை குளிக்கறதைப் பாத்துட்டு அரை மணி நேரம் ஒருத்தர் முதுகை ஒருத்தர் தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க. அதுவும் ஸ்க்ரீன்தான்."

சிலர் சிரித்தார்கள். அய்மானின் அம்மா ஜஹீரா சிரிக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் தையல் கடை வைத்திருப்பவர். காப்பகம் தொடங்கிய நாளிலிருந்து ஷாயிஸ்தாவுக்குத் தோழி.

"நீ சொல்றது எல்லாம் சரிதான் அக்கா. ஆனா நான் கடையை மூடி வர எட்டு மணி ஆகுது. மதியம் அவன் பாதி டப்பா மிச்சம் வெச்சா, ராத்திரி என்னால அவனோட மல்லுக்கட்ட முடியல. அந்த ஒரு வாரம்தான் நான் நிம்மதியா இருந்தேன்."

ஷாயிஸ்தா ஜஹீராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "மிச்சம் வெக்கறதை நாலு மணிக்கு மறுபடி ஊட்டிப் பாக்கறேன், ஜஹீரா. சூடு பண்ணித் தர்றேன். டி.வி. மட்டும் கேக்காதே."

ஜஹீரா தலையாட்டினார். அது சம்மதமா, விடைபெறுதலா என்று தெரியவில்லை. ஹர்ஷா டி.வி.யைக் காரில் ஏற்றும்போது அவர் மனைவி மிருதுளா, அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவர், வாசல்வரை வந்து நின்று, "கத்தரிக்காய்னு நீங்க சொல்லியிருக்கவே வேணாம், அக்கா. எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"அதனாலதான் சொன்னேன்" என்றார் ஷாயிஸ்தா.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பாய் விரிக்கப்பட்டது. கிளியம்மாள் முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, "ம், திறடா ராஜா, இது இன்னா காய் சொல்லு" என்று தொடங்கினார். ஒரு பிள்ளை பீன்ஸைத் துப்பியது. இன்னொன்று அதைப் பொறுக்கித் தின்றது. அய்மான் இடம் காலியாக இருந்தது, ருத்விக் இடமும்.

ஷாயிஸ்தா பதிவேட்டைத் திறந்து எழுதினார்: 2024 ஜூலை 15. வந்த குழந்தைகள், ஏழு. உணவு முடிய ஆன நேரம், ஐம்பத்திரண்டு நிமிடம்.