தாயம்மா ஒத்துக்கொண்ட இரண்டு வீடுகள்

ராயபுரத்து மீனவர் தெருக்களில் 1950 வாக்கில் பிறந்த குழந்தைகளில் பாதிப் பேரையாவது தாயம்மா குளிப்பாட்டியிருப்பாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். குளிப்பாட்டுவது மட்டுமா? பிரசவம் பார்ப்பாள், பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றுவாள், பத்தியக் குழம்பு வைப்பாள், துணி அலசுவாள். யார் கூப்பிட்டாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. ஒரு வீட்டில் உலை கொதிக்கும்போதே அடுத்த வீட்டுக்கு ஓடுவாள்.

ஒரு நாள் காலை, ரோஸ்மேரியின் ஆண் குழந்தையைக் காலில் போட்டுச் சோப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"தாயம்மா, எங்க வூட்ல வலி கண்டுகிச்சு. சீக்கிரம் வா!"

"தோ, வந்துட்டேன்" என்று அவள் திரும்பிய நொடியில் குழந்தை வழுக்கியது. தலை தரையில் படுவதற்குள் எப்படியோ பிடித்துவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோஸ்மேரி ஓடி வந்தாள். பிள்ளையை வாங்கி மார்போடு இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தாயம்மா பிரசவ வீட்டுக்கு ஓடினாள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரியின் கையில் பிள்ளை பிறந்திருந்தது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த கணவன் வரதனிடம் அன்று சாயங்காலம் சொன்னாள்: "இனிமே காலைல ரெண்டு வூடு. கொய்ந்தைங்கள குளுப்பாட்றது மட்டுந்தான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி கீது, நர்ஸம்மா கீறாங்க."

"வரும்படி கொறையுமே?"

"கொறையட்டும். இன்னிக்கு ரோஸ்மேரி கொய்ந்த என் கையிலேர்ந்து வழுக்கிச்சு."

வரதன் தலைத்துண்டை அவிழ்த்துப் போட்டான். "சரி, உன் இஷ்டம். நீ குந்தித் துன்னு நான் பாத்ததே இல்ல."

மறுநாள் முதலில் போனது ரோஸ்மேரி வீட்டுக்குத்தான். "இன்னொரு தபா நம்பிக் குடுப்பியாம்மா?" என்று கேட்டாள். ரோஸ்மேரி பிள்ளையின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு, "நானும் பக்கத்துல குந்திக்கிறேன்" என்று குழந்தையை நீட்டினாள்.

தெருவில் பேச்சு வராமல் இல்லை. "இன்னா, பெரிய மன்சியாய்ட்டியா?" என்று அதே தெருக் குப்பம்மா முகத்துக்கு நேராகவே கேட்டாள். குப்பம்மாவின் மகளுக்குப் பிரசவ மாதம் நெருங்கியிருந்தது. தாயம்மா கோபப்படவில்லை. அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நர்ஸம்மாவிடம் பேசிவிட்டு வந்தாள்.

இப்போது அவள் கைக்கு அவசரம் இல்லை. முழங்கையால் வெந்நீரின் பதம் பார்ப்பாள். கழுத்து மடிப்பு, விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள். இரண்டாவது வீட்டுக் குழந்தை அம்முவுக்குத் தலை துவட்டும்போது ஒருநாள் காதிலிருந்து லேசான வாடை வந்தது. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அது அவள் மூக்குக்கு எட்டியிருக்காது. அம்முவின் தாயை அன்றே டாக்டரிடம் அனுப்பினாள். மருந்து விட்டதில் சீழ் வற்றி, காது குணமாயிற்று.

ரோஸ்மேரி பக்கத்தில் உட்காருவதை எப்போதோ விட்டுவிட்டாள். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் கொடுப்பாள். ஒரு காலை, தண்ணீர் முதுகில் பட்டதும் அவள் மகன் முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தான். தாயம்மாவும் சிரித்துவிட்டாள். சாம்பிராணி காட்டித் தூங்கவைத்த பிறகும் அவளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. ரோஸ்மேரி கொடுத்த டீயை, தூங்குகிற முகத்தைப் பார்த்தபடி, ஆறவிட்டுக் குடித்தாள்.