முதலில் பிடிப்பது எது

நான்கு குடுவைகளில் நான்கு விதக் கரைசல். நான்கிலும் ஒரு நச்சுத் திரவத்தின் சொட்டை விட்டுவிட்டு, நொடிகளை எண்ணியே அந்தப் பெயர் வாங்கிய நொடியக்கா ஸ்டாப்வாட்சை அமுக்குகிறார். இனி யார் பேசினாலும் அவர் காதில் ஏறாது. "சாப்பிட்டீங்களா?" என்று, அவரைப் பற்றி எழுத வந்த நான் கேட்டுப் பார்த்தேன். "நாப்பத்திரண்டு" என்று பதில் வந்தது.

மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் அக்காவுக்குப் பத்தொன்பது வருடமாக வேலை. அங்கே மூலப்பொருளாக வரும் அந்தத் திரவம் பொல்லாதது. நிறம் கிடையாது, வாசனையும் இல்லாத மாதிரிதான். ஆவியைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தே தொண்டை எரியத் தொடங்கும். சிந்தினால் அதை ஓடிப் பிடித்து முடக்க ஒரு கரைசல் வேண்டும். இப்படிப் பிடிக்கிறவற்றைப் பாடப்புத்தகம் கருக்கவர் பொருள் என்கிறது. எது வேகமாகப் பிடிக்கிறது என்று அளந்து வரிசைப்படுத்துவதுதான் அக்காவின் வேலை. "நம்ம உடம்புக்குள்ளயும் அதைப் பிடிக்கிற ஆளுங்க இருக்காங்க. அவங்க கிட்ட போறதுக்கு முன்னாடி நம்ம ஆளு அமுக்கிடணும்" என்பார்.

குடுவைகளோடு அவர் வாயாடுவதும் உண்டு. அயோடைடு, "தடியன், ஆனா சுறுசுறுப்பு." தண்ணீரில் கரைந்ததும் நீர்த்துகள்கள் சூழ்ந்துகொள்ளும் ஃபுளூரைடு, "கல்யாண மாப்பிள்ளை. சுத்தியும் சொந்தக்காரங்க, பாவம் எப்படி நகருவான்?"

சிரித்துக்கொண்டேதான் குறிப்பெடுத்தேன். பிறகு அவரே சொன்னார். ஆறு வருடத்துக்கு முன், திரவம் சிந்தினால் ஊற்றுவதற்கான சுவரோர வாளியில் கடுங்காரக் கரைசலை நிரப்பலாம் என்று கையெழுத்திட்டவர் அவர்தான். தோலையே அரிக்கிற காரம், பிடிக்கும் வேகமும் அதற்குத்தான் அதிகம் என்று எண்ணிவிட்டார். அளந்து பார்க்கவில்லை. கந்தகம் சேர்ந்த ஒரு சாதுவான உப்பு அதைவிடப் பல மடங்கு வேகம். திரவம் சிந்திய அன்று, காரத்தை ஊற்றி, அக்கா எழுதிவைத்த நேரம் வரை காத்திருந்து, முகமூடியைக் கழற்றியவர் அங்கேயே வேலை பார்க்கும் அவருடைய சொந்தத் தம்பி. திரவம் அதற்குள் முழுதாக முடங்கியிருக்கவில்லை. உயிர் தப்பியது. குரல் போய்விட்டது.

"ஒரு வார்த்தை திட்டியிருந்தான்னாகூட மனசு ஆறியிருக்கும். திட்ட அவனுக்குக் குரல் எங்க இருக்கு?" என்றார். எனக்கு அதற்குமேல் பேனா ஓடவில்லை.

இப்போது அதே திரவத்தை வேறொரு கரைப்பானில் கலந்து வாங்குகிறார்கள். "பழைய வரிசைதான் இருக்கேம்மா, கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று மேலாளர் மூன்று முறை வந்து நின்றார். "கரைப்பான் மாறினா வரிசையும் மாறும் சார்" என்று சொல்லிவிட்டு, பதினோரு நாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தார்.

நேற்று ஒத்திகை. மூடிய அறைக்குள் அக்காவும் தம்பியும் மட்டும், முகமூடியோடு. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். தம்பி திரவத்தைத் தரையில் சிந்தி, அதன்மேல் புதிய கரைசலை ஊற்றினார். குறித்த நேரம் முடிந்தது. காற்றைச் சோதிக்கும் கருவியும் சுத்தம் என்று காட்டியது. தம்பியின் கை முகமூடிக்குப் போனது.

அக்கா அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். தன் முகமூடியைக் கழற்றி, முதல் மூச்சைத் தானே இழுத்தார்.