கத்தரியின் கைப்பக்குவம்

கத்தரி என்ற பேரை முதல் தடவை கேட்டபோது நான் காயைத்தான் நினைத்தேன். என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி, வந்ததும் வராததுமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, ஞாயித்துக்கிழமை என் தம்பி கத்தரியைக் கூட்டிட்டு வர்றானாம்."

"காயை எதுக்குடி கூட்டிட்டு வரணும்? பையில போட்டு எடுத்துட்டு வரச் சொல்லு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தம்பி கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணாம் அது. தையல் ஃபேக்டரியில் வேலை. தைத்து முடித்த சட்டைகளில் தொங்குகிற நூலையெல்லாம் நறுக்கிச் சுத்தம் செய்து தள்ள வேண்டும். அதற்காக இடுப்பில் ஒரு நாடா கட்டி, சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை மாட்டியிருப்பாள். அங்கே எல்லோரும் கத்தரி என்று கூப்பிட, இவனும் அப்படியே கூப்பிட, எங்கள் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் அவளுக்கு வேறு பேர் உண்டு என்று பாதிப் பேருக்குத் தெரிந்தது.

அந்தத் தம்பி தாயில்லாப் பிள்ளை. அக்காவுக்கே பால்பல் விழுந்து முடியாத வயது, அவனைத் தூக்கி வளர்த்தாள். வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். பெரிய பெரிய கட்டிடங்களின் குழிக்குள் இறங்கி, சட்டையெல்லாம் கிரீஸ் மசி அப்பிக்கொண்டு வருவான். அதிகம் பேச மாட்டான். அவனை இன்னொருத்தி கையில் கொடுக்கிறோம் என்றதும் என் ஓரகத்தி பெண்ணின் படிப்பைக் கேட்கவில்லை, குடும்பத்தைக் கேட்கவில்லை. ஒரே கேள்விதான்.

"சமைக்கத் தெரியுமா?"

கத்தரிக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியும், அவ்வளவுதான். விடுதியில் வளர்ந்தவள். தட்டை நீட்டினால் விழுந்ததைத் தின்று வளர்ந்தவள். ஆனால் அன்று அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள், "தெரியும் அண்ணி" என்றாள்.

கல்யாணமான பிறகு முதல் தடவை எங்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டாள். நானும் போயிருந்தேன். மாடியில் ஒரு அறை, ஒரு சின்னச் சமையலறை, ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடி. பயறு, காய்கறி, மீன் என்று ஆவி பறக்க வைத்தாள். ருசி என்றால் ருசி. என் ஓரகத்தி இரண்டாம் வாய் எடுத்ததுமே கையைத் தட்டில் வைத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"எங்கம்மா கைப்பக்குவம்டி இது. அப்படியே இருக்கு."

அந்த ஒரு சொல்லில்தான் கத்தரி மாட்டிக்கொண்டாள். வைத்ததெல்லாம் பாக்கெட். பயறு டின்னில் வந்தது, மீன் டின்னில் வந்தது, காய்கறி ஐஸ்பெட்டியில் உறைந்து வந்தது, மேலே ஊற்றிய சாறு தூளைக் கரைத்தது. இடுப்புக் கத்தரிக்கோலால் மூலையை நறுக்கி, சட்டியில் கொட்டி, சூடு பண்ணியிருந்தாள். செத்துப்போன அம்மாவின் கை என்று ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது, இது பாக்கெட் என்று எந்த வாயால் சொல்வது? இதெல்லாம் பிற்பாடு அவளே என்னிடம் சொன்னது.

சோம்பேறி என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றுகொண்டே நூல் நறுக்குவாள். வீட்டுக்கு வரும்போது விரல் மடங்காது. கட்டைவிரலில் கத்தரிக்கோல் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருக்கும். அந்தக் கையோடு உரித்து, அரிந்து, வேகவைத்து எப்போது சாப்பிடுவது? அவனும் பசியோடு வருவான். கத்தரிக்கோல் எடுத்தால் ஆச்சு.

காலிப் பாக்கெட்டுகளைக் கழுவி, மடித்து, கைப்பையின் அடியில் வைத்து ஃபேக்டரிக் குப்பையில் போட்டுவிடுவாள். வீட்டுக் குப்பைக்கூடை பளிச்சென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவள் நாத்தனார், அதாவது என் ஓரகத்தி, வருவதற்கு முன்னால் ஒரு வெங்காயத்தை அரிந்து எண்ணெயில் வதக்கி வைப்பாள், சாப்பிட அல்ல, வாசனைக்கு. என் ஓரகத்தி கதவுக்கு வெளியிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாரு, சமைக்கிற வீடுன்னா இப்படி மணக்கணும்" என்பாள். கையில் அவளே உப்பில் ஊறப்போட்ட ஊறுகாய் ஒரு ஜாடி இருக்கும். தம்பிக்கு அது இல்லாமல் தொண்டையில் இறங்காது என்பது அவள் எண்ணம். சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போய் நாத்தனார் பெருமை பேசுவாள்.

"என் தம்பி பொண்டாட்டி வேலைக்கும் போறா, சமையலும் பண்றா. உங்க வீட்டு மருமகளுக மாதிரி பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டுறவ இல்ல."

இப்படியே வருஷங்கள் ஓடின. குழந்தை தங்கவில்லை. அதை வைத்து யாரும் அவளைக் குத்தவில்லை. சமையல் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு அவனுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. முதலில் செருப்பு இறுக்குகிறது என்றான். அடுத்து, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று தலையணையை அடுக்கி வைத்துச் சாய்ந்துகொண்டான். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, இதயம் பலவீனமாக இருக்கிறது, உடம்பில் நீர் தங்குகிறது என்றார்கள். டாக்டரம்மா பொறுமையானவர். நீர் பிரிய மாத்திரை எழுதிவிட்டுக் கேட்டார்:

"உப்பு ரொம்பக் குறைக்கணும். சாப்பாடு எப்படி? டின், பாக்கெட் எதுவும் உண்டா?"

கத்தரி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுக்குள்ள அந்தச் சனியன் எல்லாம் வராது டாக்டர். எல்லாம் இவ கையால சமைச்சது."

டாக்டரம்மா கத்தரியைப் பார்த்தார். கத்தரி தலையாட்டினாள். அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டில் அவள் உப்பு டப்பாவையே தூக்கிப் போட்டுவிட்டாள். உப்பு என்றால் டப்பாவில் இருப்பதுதான் என்று நினைத்தாள். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை அவள் படித்ததில்லை. படித்தாலும் அங்கே உப்பு என்று போட்டிருக்காது, சோடியம் என்று போட்டிருக்கும்.

அடுத்த தடவை போனபோது வீக்கம் குறையவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். அதற்கடுத்த தடவையும் கூட்டினார்கள். மாத்திரை கூடக் கூட அவன் வற்றிப்போனான். கன்னம் ஒட்டியது, கால் மட்டும் வீங்கியே இருந்தது. ஒருநாள் வேலையிடத்தில் லிஃப்ட் குழியிலிருந்து ஏணியில் ஏறும்போது தலை சுற்றி விழுந்தான். நல்லவேளை, கீழ்ப்படியில் இருந்தான்.

மறுநாள் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரிசோதனைக் கட்டிலில் அவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் அக்கா கால்மாட்டில். டாக்டரம்மா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"உப்பே இல்லாம சாப்பிடுறாருன்னா இந்த வீக்கம் வடிஞ்சிருக்கணும். எனக்குப் புரியல. இதுக்கு மேல மாத்திரை கூட்டினா கிட்னி தாங்காது."

கத்தரி என் பக்கத்தில்தான் நின்றாள். இடுப்பு நாடாவைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை நாத்தனாரைப் பார்த்தாள், ஒரு தடவை அவனைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து டாக்டர் மேஜைமேல் கவிழ்த்துவிட்டாள். அன்றைக்கு ஃபேக்டரிக் குப்பையில் போட வேண்டியவை. மூலை நறுக்கிய பாக்கெட்டுகள், டின்னிலிருந்து உரித்த தாள்கள்.

"இதுதாங்க நான் போடுற சாப்பாடு. கல்யாணமான நாளிலிருந்து இதுதான். எனக்குச் சமைக்கத் தெரியாது."

என் ஓரகத்தியின் முகம் எப்படிப் போனது என்று எழுத எனக்கு வரவில்லை. அவள் கையை ஓங்கவில்லை. "எங்கம்மா கைன்னு சொன்னேனேடி" என்றாள். அவ்வளவுதான்.

அப்போது கட்டிலில் இருந்தவன் பேசினான். "எனக்குத் தெரியும்க்கா."

"என்னடா தெரியும்?"

"நறுக்குன மூலை அங்கங்க தரையில கிடக்கும். பளபளன்னு முக்கோணமா. காலுறையில ஒட்டிக்கும். நீ வர்றதுக்கு முன்னாடி நான்தான் பொறுக்கி எடுத்துடுவேன்."

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தே? செத்துப்போக இருந்தியேடா பாவி!"

"நீ ஊர் பூரா இவ சமையலைப் பத்திச் சொல்லிட்டு இருந்தே. அதை நான் எப்படிக்கா உடைப்பேன்?"

கத்தரி அவனையே பார்த்தாள். இத்தனை வருஷம் அவனுக்குத் தெரியாமல் ஒளித்ததாக நினைத்தவள் அவள்; அவளுக்குத் தெரியாமல் ஒளித்திருக்கிறான் அவன்.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பிரித்தார். "பாக்கெட்டுன்னா விஷம்னு நான் சொல்லலையேம்மா. எந்தப் பாக்கெட்டுன்னு எனக்குத் தெரியணும், அதான். இந்த உறைஞ்ச காய்ல காயைத் தவிர ஒண்ணும் இல்ல. தாராளமா போடுங்க. இந்தப் பயறுல உப்புத் தண்ணி. வடிகட்டில கொட்டி நல்லா அலசுங்க. உப்புப் போடாததும் கடையில இருக்கும், பின்னாடி பார்த்து வாங்குங்க. மீனும் அப்படித்தான். இந்தச் சாறுத் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம்." நிறுத்திவிட்டு, "வீட்ல வேற என்ன சேர்த்துக்கிறார்?" என்றார்.

"அக்கா குடுக்கிற ஊறுகாய்" என்றான் அவன்.

டாக்டரம்மா சாறுத் தூள் பாக்கெட்டின் மேல் விரலை வைத்தார். "அதுவும் இந்தப் பக்கம்."

"அது நான் வீட்ல போட்டது டாக்டர்" என்றாள் என் ஓரகத்தி.

"வீட்ல போட்டாலும் உப்பு உப்புத்தானேம்மா."

எது எவ்வளவு கெடுத்தது என்று அவள் கேட்டாள். அதை இனிமேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அவர் இதயமே முதலில் பலவீனம்தான் என்றுவிட்டார் டாக்டரம்மா. அந்தப் பதில் கத்தரிக்கும் சரி, என் ஓரகத்திக்கும் சரி, ஆறுதலாக இல்லை.

மாத்திரையைக் குறைத்தார்கள். வீக்கம் மெதுவாக வடிந்தது. குழிக்குள் இறங்கும் வேலை போய், பட்டறையில் உட்கார்ந்து மோட்டார் பிரிக்கிற வேலை கிடைத்தது. கத்தரி கடையில் நின்று பாக்கெட்டின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினாள். பயறை அலசுவாள், உறைந்த காயைப் போடுவாள், எலுமிச்சை பிழிவாள். ருசி என்று சொல்ல முடியாது. அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. என் ஓரகத்தி பல மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போனாள். கத்தரி வெங்காயம் வதக்கவில்லை. அவள் முன்னாலேயே பாக்கெட்டை நறுக்கினாள். நாத்தனார் கீழே விழுந்த மூலையைக் குனிந்து எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அவன் அதற்குப் பிறகு சில வருஷங்கள் நன்றாக இருந்தான். ஒரு மழைக்காலத்தில் தூக்கத்தில் போய்விட்டான். இழவு வீட்டில் தூரத்து உறவு ஒருத்தி, எங்கள் மாமனாரின் சித்தி வழி, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்: "பாக்கெட்டைப் போட்டே அனுப்பிட்டா. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டிருந்தா இருந்திருப்பான்."

கத்தரி நிமிரவில்லை. என் ஓரகத்திதான் தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"தினமும் பொண்டாட்டிகூட உக்காந்து சாப்பிட்டான். டாக்டர் சொன்னதைத்தான் சாப்பிட்டான். அதுக்குப் பேரு வீட்டுச் சாப்பாடு இல்லாம வேற என்னடி? என் ஊறுகாயை நீயுந்தானே வாங்கித் தின்னே, அதைப் பத்தி ஒண்ணும் பேசலையே?"



கத்தரி இப்போதும் அதே ஃபேக்டரியில் நூல் நறுக்குகிறாள். அதே மாடி அறைதான். வீட்டுக்காரரையும் இழந்துவிட்ட என் ஓரகத்திக்குக் கண் மங்கிப்போய்விட்டதால் அவளும் அங்கேதான் இருக்கிறாள்.