விழாவுக்காக அறுத்த பச்சை வயல்

1. அறுவடைக்குத் தயார்

"சார், இதை நசுக்கிப் பாருங்க" என்று செல்லக்கனி என் உள்ளங்கையில் நாலைந்து நெல்மணிகளை வைத்தாள். நசுக்கினேன். பாலும் மாவுமாகப் பிதுங்கியது, மணி இன்னும் முற்றவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த மணிகளை உருவிய வயலில்தான் அறுவடை விழா. அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது, பந்தலும் போட்டாகிவிட்டது.

அப்போது நான் கொற்கைப் பகுதிக்கு வேளாண்மை அலுவலர். செல்லக்கனி அங்கே மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மைத் தொழிற்கல்விப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். கடைமடையில் உப்புப் பூத்துக் கிடந்த பத்து சென்ட் நிலத்தை எங்கள் துறை செயல்விளக்கத் திடலாக எடுத்து, உப்பைத் தாங்கும் நெல் ரகம் ஒன்றை அவள் பொறுப்பில் விட்டிருந்தது. எத்தனை கிலோ விளைந்தது என்ற எண் வந்தால்தான் அவளுடைய ரெக்கார்டு நோட்டு நிறைவுபெறும். நோட்டு நிறையாவிட்டால் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் கிடையாது. தொழிற்கல்விப் பிள்ளைகளுக்கு வேளாண் கல்லூரியில் ஒதுக்கியதே கைவிரல் விட்டு எண்ணும் இடங்கள். அந்த மதிப்பெண் இல்லாமல் அதில் ஒன்றை அவள் நினைத்துப் பார்க்க முடியாது.

"இன்னும் எத்தனை நாள் வேணும்?"

"நாளையிலேருந்து பதினேழு நாளு சார். வாய்க்கால் தண்ணி பிந்தி வந்துச்சு, நடவு ஒரு வாரம் தள்ளிப்போச்சு. உப்பு மண்ணுல பயிரு முத்தறதுக்கு இன்னும் பத்து நாளு கூட ஆகும். எல்லாம் நோட்டுல இருக்கு." பிறகு கேட்டாள்: "விழாவுக்குத் தேதி குறிச்ச அறிக்கையில அறுவடைக்குத் தயார்னு யாரு சார் எழுதினது?"

"நான்தான்."

"வயலுக்கு வந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. விதைப்பை அட்டையில் போட்டிருந்த பயிரின் வயதை விதைத்த தேதியோடு கூட்டி, நாற்காலியை விட்டு எழாமல் எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். என் ஆத்திரம் முதலில் என்மேல்தான் வந்திருக்க வேண்டும். வழக்கப்படி மேலதிகாரிமேல் வந்தது.

2. கருப்பு வெள்ளை

எங்கள் வேளாண்மை உதவி இயக்குநர் பந்தலில் நின்று பேனர் கட்டுவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். 'இளம் உழவர் பாராட்டு விழா' என்று எழுதியிருந்தது. இளம் உழவர்கள் நாற்காலி சுமந்துகொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"தள்ளிப்போடச் சொல்லுதீரா? சிறப்பு விருந்தினரா வாரவர் தூத்துக்குடியில கப்பல் ஏஜென்சி வச்சிருக்கவரு வே. பிள்ளைகளுக்குக் குடுக்குற ஷீல்டும் அவரு செலவு. நெல்லுக்கு வேற தேதி உண்டு, அவருக்குக் கிடையாது."

"ஏரல் பக்கம் முத்தின வயல் இருக்கு சார்."

"அங்கன கார் போகாது."

"கதிர் பச்சையா நிக்கு சார்."

"பேப்பர்ல போட்டோ கருப்பு வெள்ளையிலதான வரும்? பச்சை எவனுக்குத் தெரியப்போவுது?"

இதைச் சொன்னவர் வேளாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்றவர். மாணவர்களைப் பாராட்ட ஒரு விழா, அந்த விழாவுக்குப் பலி அவர்களுடைய ஒரு பருவத்து உழைப்பு. இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை, ஒரு கார் வந்து நிற்க இடம் இருந்தால் போதுமாக இருந்தது.

3. இருபத்தைந்து சதுர மீட்டர்

எனக்குத் தைரியம் குறைவு. நடைமுறை தெரியும். செயல்விளக்கத் திடல் என்றால் பயிர் முதிர்ந்த பின் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போட்டு மகசூல் எண்ணைக் கோப்பில் சேர்த்தாக வேண்டும். அளந்து கயிறு கட்டிய இடத்தை அதற்குமுன் யாரும் தொடக்கூடாது. எல்லாரும் மறந்துபோன விதி அது. அன்று மாலையே நாலு முளை அடித்து, கயிறு கட்டி, அளவுப் படிவத்தில் கையெழுத்திட்டேன். செல்லக்கனி நாடாவின் மறுமுனையைப் பிடித்தாள்.

"மொத்தத்தையும் கட்ட முடியாதா சார்?"

"விதி இவ்வளவுக்குத்தாம்மா."

காலையில் கயிற்றைப் பார்த்த உதவி இயக்குநரின் முகம் மாறியது. "போட்டோல கயிறு விழுதே வே. அவுத்து விடும்."

"உங்க கையெழுத்துல ஒரு வரி எழுதிக் குடுங்க சார், இப்பவே அவுத்துடுதேன்."

அவர் எழுதவில்லை. எழுதமாட்டார் என்பது எனக்குத் தெரியும், அவரும் நடைமுறை தெரிந்தவர்.

சிறப்பு விருந்தினர் ரிப்பன் கட்டிய அரிவாளால் ஒரு பிடி அறுத்தார். மீதியைப் பிள்ளைகள் அறுத்தார்கள். அறுத்த கதிர் மாட்டுத் தீவனத்துக்குப் போனது. அரிவாள் இருந்த தாம்பாளத்தைச் செல்லக்கனியை ஏந்தச் சொல்லியிருந்தார்கள். அவள் அதை வரப்பில் வைத்துவிட்டு, கூட்டம் மிதித்துவிடாமல் கயிற்றோரம் போய் நின்றுகொண்டாள்.

"ஏன் தாயி, அது மட்டும் உன் பங்கா?" என்று விருந்தினர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. மத்ததெல்லாம் உங்களுக்கு அறுத்தாச்சு."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, இளைய தலைமுறையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு மறுநாளே விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விதியின் நகலை இணைத்துப் பதில் அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

பதினேழாம் நாள் அவளே அறுத்தாள், அடித்தாள், தூற்றினாள். எட்டரைக் கிலோ. அந்த உப்பு மண்ணுக்கு அது நல்ல விளைச்சல்.

4. ரெக்கார்டு நோட்டு

செய்முறைத் தேர்வில் துறையின் சார்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவளுடைய நோட்டைப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தி வாசித்தார்: "அறுவடைப் பரப்பு 25 சதுர மீட்டர். மீதிப் பரப்பு முதிர்ச்சிக்குப் பதினேழு நாள் முன்பு விழாவுக்காக அறுக்கப்பட்டது. காரணம்: வயலைப் பார்க்காமல் 'அறுவடைக்குத் தயார்' என்று அலுவலர் எழுதியது."

கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா அந்த அலுவலர்?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "எழுதினவங்களேதான் சார் கயிறும் கட்டினாங்க. அது அடுத்த பக்கத்துல இருக்கு."

என் சர்வீஸ் முழுவதும் மேலதிகாரிகள் என்னைப் பற்றி ஆண்டுதோறும் ரகசியக் குறிப்பு எழுதினார்கள். ஒன்றுகூட இவ்வளவு சரியாக இருந்ததில்லை. தேர்வாளர் முழு மதிப்பெண் போட்டார். அவளுக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அந்த வருடத்து ஷீல்டு உதவி இயக்குநரின் அறையில் அலமாரிமேல் இருந்தது.

இப்போது பணியில் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகளைப் பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சால்வைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் வயலில் இறங்கி ஒரே ஒரு மணியை நசுக்கிப் பாருங்கள். பால் வந்தால் அழைப்பிதழ் அடிக்காதீர்கள்.