பின்வரிசையில் ஆடாமல் நின்றவள்

புதுப் பாவாடை சட்டையின் ஜரிகை கழுத்தை அறுக்கும்; சொறியக்கூடாது. முதுகில் வியர்வை ஒற்றைக் கோடாக இறங்கும்; நெளியக்கூடாது. பெரியப்பா "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் எண்ணி முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்ப, மரக்கட்டையாக நிற்க வேண்டும். ஆறு வயதிலிருந்து பதினொரு வயதுவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் பெரியப்பாவின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டு ஹாலில் நான் அப்படித்தான் நின்றேன். ஒவ்வொரு முறையும் படம் கைக்கு வந்தபோது, என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சோற்றுப்பானை ஆவி மாதிரி ஏதோ ஒன்று படர்ந்திருந்தது.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். எங்கள் சொந்தத்தில் முதன்முதலில் "பெரிய கேமரா" வாங்கியவர் அவர்தான். படம் எடுத்து முடிக்காமல் அவர் வீட்டில் யாருக்கும் சாப்பாடு கிடையாது. அவர் மகள் ரூபா அக்காவும் பெரியம்மா பக்கத்துச் சொந்தங்களும் சோபாவில் உட்காருவார்கள். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த அப்பா, அம்மா, நான் மூவரும் சோபாவுக்குப் பின்னால், சுவரை ஒட்டி நிற்போம். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் ஒரு வருடமும் அது மாறியதில்லை.

படத்தில் ரூபா அக்காவின் கண்ணிமைகளை எண்ணலாம். பின்னால் நாங்கள் மூவரும் புகை. அதற்குப் பெரியப்பா ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "இந்தப் பிள்ளை ஒரு நிமிஷம் நிக்காது லா. தானும் ஆடி, பக்கத்துல இருக்கவங்களையும் சேர்த்து ஆட்டிடுது." எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா தம் அண்ணனிடம் எதிர்த்துப் பேசியதே இல்லை. அம்மா மட்டும் சிரிக்காமல், வீட்டுக்கு வந்ததும் என் மேற்கையில் திருகிக் கிள்ளுவார். குடும்பத்தில் எனக்கு "ஆட்டக்காரி" என்றே பெயர் விழுந்தது. கடைசி இரண்டு வருடங்களில், நான் உண்மையிலேயே என்னை அறியாமல் ஆடுகிறேனோ, உடம்பில் ஏதும் கோளாறோ என்றுகூட பயந்தேன்.

கல்லூரியில் புகைப்படக் கழகத்தில் சேர்ந்த முதல் வாரம். மேசையில் மூன்று கோப்பைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். லென்சுக்குள் ஒரு துளை இருக்கிறது, கண்மணி போல விரியும், சுருங்கும்; எண் சிறியதானால் துளை பெரியது. 1.8 என்று வைத்தேன். முதல் கோப்பை பளிச்சென்று இருந்தது; மற்ற இரண்டும் ஆவி. எட்டு என்று வைத்தேன். மூன்றும் தெளிவு. கோப்பைகள் அசையவில்லை, ஐயா. கோப்பைகள் எங்கே அசையும்? எனக்குக் காது சூடாகிவிட்டது.

அன்று மாலையே கிள்ளானுக்குப் போய், பெரியப்பா வருடா வருடம் எங்களுக்குத் தந்த படக் குறுந்தட்டுகளை அம்மாவின் பிஸ்கட் டின்னிலிருந்து தோண்டி எடுத்தேன். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும், தான் எப்படி எடுக்கப்பட்டது என்பதைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். ஆறு தீபாவளிக்கும் அதே எண், 1.8. ஷட்டர் திறந்திருந்தது நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் நான் ஆடிக் கலைந்து போயிருக்க வேண்டுமென்றால் குதித்திருக்க வேண்டும். நான் அழவில்லை. எல்லாவற்றையும் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு அடுத்த தீபாவளிக்காகக் காத்திருந்தேன். அந்த மாதங்கள் எவ்வளவு இனிமையாகப் போயின என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

தீபாவளியன்று பெரியப்பா வீட்டுத் தொலைக்காட்சியில் ஆறு படங்களையும் போட்டேன். எல்லோரும் பழைய படம் பார்க்கும் குஷியில் கூடினார்கள். பெரியப்பா வழக்கம்போல ஆரம்பித்தார், "பாத்தீங்களா, ஆட்டக்காரி." நான் அந்த எண்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, துளை என்றால் என்ன என்று விளக்கினேன்.

"அப்பல்லாம் ஆட்டோல தான் வெச்சிருந்தேன், அதுவா பண்ணியிருக்கும் லா," என்றார்.

துளையின் எண்ணைக் கையால் வைத்ததையும் படம் குறித்து வைத்திருந்தது. அதையும் காட்டினேன். பிறகு படத்தில் எங்களுக்குப் பின்னால் தொங்கிய மாதக் காலண்டரை இழுத்துப் பெரிதாக்கினேன். ஒரு தேதிகூடப் படிக்க முடியவில்லை.

"சரி பெரியப்பா, நான் ஆடினேன். பின்னாடி இருந்த சுவருமா ஆடுச்சு?"

ரூபா அக்காதான் முதலில் சிரித்தார். பெரியப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடப் படத்தை நான் எடுத்தேன். அம்மாவையும் அப்பாவையும் சோபாவில் உட்காரவைத்து, பெரியப்பாவைச் சுவரோரம் நிறுத்தி, 1.8-இல் ஒன்று அடித்தேன். அற்புதமான ஆவி. அதற்குள் ரூபா அக்காவின் ஐந்து வயது மகள் ஓடிப்போய்த் தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து அவள் காதில் "ஆடக்கூடாது" என்றார். அவள் உடனே மூச்சை அடக்கினாள்; கன்னம் இரண்டும் உப்பின.

துளையை எட்டுக்குச் சுருக்கினேன். ஹாலில் வெளிச்சம் போதாது. படம் மணல் மணலாக வரும், வரட்டும். பிள்ளைகளைப் படம் எடுக்கும் பெற்றோர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: ஒற்றை முகத்துக்கு 1.8 அழகு, இரண்டாவது வரிசையில் ஒரு பிள்ளை நின்றால் எண்ணை ஏற்றுங்கள், அவளைத் திட்டாதீர்கள். அன்று ரூபா அக்காவின் மகளுக்காகத்தான் சுருக்கினேன். பெரியப்பா தெளிவாக விழுந்தது அவள் பக்கத்தில் நின்றதால் மட்டுமே. குடும்பக் குழுவுக்கு இரண்டு படங்களையும் அனுப்பினேன். முதலாவதன் கீழே, "பெரியப்பா ஆடிட்டாரு" என்று எழுதினேன்.

திரும்பும் ரயில் ஷா ஆலத்தைத் தாண்டியது. அம்மா கேட்டார், "அப்ப நீ ஆடவே இல்லையா டி?"

"இல்லம்மா."

என் மேற்கையைத் தொட்டார், உடனே கையை எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்த அடுக்குமாடி வீட்டைப் பெரியப்பா விற்றுவிட்டார். கேமராவில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். அம்மாதான் சும்மா இருப்பதில்லை. முதல் பல் விழுந்த வயதில் என் முகம் எப்படி இருந்தது என்று நினைவுக்கு வரவில்லையாம். அந்தப் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் தெளிவாக்க முடியாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போன வாரம் அப்படி ஒரு மென்பொருளில், பல் விழுந்திருந்த அந்த ஏழு வயதுப் படத்தைப் போட்டேன். சில நொடிகளில் கண், மூக்கு, வரிசையான பற்கள் எல்லாம் வந்தன. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கா," என்றார். "யாரு இது?"

பெரியப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.